நன்றிப் பக்கத்தில் வந்த அக்கா

பல்கலைக்கழகத்தின் கிழக்கு வாசலைத் தாண்டி, கடலை நோக்கி இறங்குகிற சந்தில் மூன்றாவது கடை அவளுடையது. கடைக்குப் பெயர்ப் பலகை உண்டு, யாரும் அதைப் படித்ததில்லை. பைண்டிங் அக்கா கடை என்று கேட்டால் வாசல் காவலாளி கையை நீட்டி வழி காட்டிவிடுவார். நாற்பத்தேழு வயது. பத்தொன்பதாவது வயதில் தாள் மடிக்கிற வேலைக்கு வந்தவள். முதலாளிக்குக் கண்ணில் புரை விழுந்து, மகனோடு வேறு ஊருக்குப் போனபோது, "நீயே பார்த்துக்கோம்மா" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து தைப்பது, பசை தடவுவது, அட்டை போடுவது, புத்தகத்தின் முதுகில் பொன்னெழுத்து அடிப்பது எல்லாம் அவளே.

அந்த ஊரில் வருஷம் பிறப்பது வெயில் தணிகிற வாரத்தில். பெட்டியும் பிளாஸ்டிக் வாளியுமாகப் புதுப் பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து இறங்குவார்கள். சந்தில் நடக்க இடம் இருக்காது. பிறகு மழை. மழை முடிந்ததும் கடல் காற்று. காற்று ஓய்ந்ததும் ஆய்வேடு கொடுக்கிற அவசரம். அப்புறம் வெயில், ஊரே துடைத்துவிட்டது போலக் காலியாகிவிடும். அவளுக்கு இதையெல்லாம் சொல்ல நாட்காட்டி வேண்டாம், பசைச் சட்டியே சொல்லிவிடும். மழையில் பசை காயாது, தாள் ஊறி உப்பிக்கொள்ளும். காற்றுக் காலத்தில் உப்பு ஏறி வெட்டுகிற கத்தியில் துருப் பிடிக்கும். வெயிலில் தூரிகையை எடுப்பதற்குள் பசை இறுகிவிடும், ஆனால் ஒட்டக் கொடுக்க ஆள் இருக்காது.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கட்ட வருகிற ஆய்வேடுகளில் நன்றிப் பக்கத்தை மட்டும் படிப்பாள். மற்றப் பக்கங்கள் எல்லாம் அவளுக்குக் கறுப்பு எறும்பு ஊர்ந்த மாதிரிதான். நன்றிப் பக்கம் அப்படியில்லை. வழிகாட்டிப் பேராசிரியருக்கு முக்கால் பக்கம் நன்றி சொல்லியிருந்தால் ஆள் பயந்தவன். கடைசி வரியில் மனைவிக்கு நன்றி சொல்லியிருந்தால் அந்த மனைவிதான் மொத்தத்தையும் தட்டச்சு செய்திருப்பாள். யாருக்குமே நன்றி சொல்லாதவர்கள் ஓரிருவர் உண்டு. அவர்களுடைய புத்தகத்தை அவள் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு தைப்பாள். ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அந்த வருஷம் மழை ஆரம்பித்து நாலாவது நாள், கடலியல் துறை உதவியாளர் ஐந்து பிரதிகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, குடைக்குள் குழந்தையைத் தூக்கி வருவது போலத் தூக்கிக்கொண்டு வந்தார். மேசையில் வைத்துவிட்டுக் கால்சட்டையைப் பிழிந்தார். அவள் வழக்கம் போல முன்பக்கங்களைப் புரட்டினாள். நன்றிப் பக்கத்தின் நடுவில் இப்படி இருந்தது:

"கிழக்கு வாசல் சந்தில் பைண்டிங் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு. அன்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிராவிட்டால் இந்த ஆய்வு இல்லை. நானும் இந்த ஊரில் இருந்திருக்க மாட்டேன்."

அவள் இன்னொரு தரம் படித்தாள். அந்தச் சந்தில் வேறு பைண்டிங் கடை இருக்கிறதா என்று ஒரு கணம் யோசித்தாள். இருபத்தெட்டு வருஷமாக அதே சந்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. பிறகு அட்டையில் அடிக்க வேண்டிய பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். எந்த முகமும் வரவில்லை.

"யாருங்க இது?" என்றாள் உதவியாளரிடம்.

"அந்தம்மாவா? வேலை கெடச்சு ஆராய்ச்சிக் கப்பல்ல போயிட்டாங்க. வாய்மொழித் தேர்வுக்குத்தான் வருவாங்க. அஞ்சாறு மாசம் ஆகும்."

"போன் நம்பர்?"

"நடுக்கடல்ல ஏதுங்க போனு" என்று சொல்லிவிட்டு அவர் குடையை விரித்தார்.

வீட்டில் அன்று மாலை அவள் விஷயத்தைச் சொன்னாள். கணவர் ஐஸ் தொழிற்சாலையில் மெக்கானிக், வருஷம் முழுக்க விரல் நுனி வெளுத்துப் போயிருக்கும். கவனமாகக் கேட்டுவிட்டு, "ஒரு வார்த்தைன்னா எழுதியிருக்கு?" என்றார்.

"ஆமா."

"அப்ப அது நீ இல்ல. நீ என்னிக்கு ஒரு வார்த்தையோட நிறுத்தியிருக்க?"

பள்ளிக் கடைசி வருஷம் படிக்கும் மகள் புத்தகத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாளே தவிர வாயில் வைக்கவில்லை. என்ன சொன்னேன்? எப்போது சொன்னேன்?

மழை மாதங்கள் முழுக்க இதே நினைப்பு. தையல் ஊசியை ஓட்டும்போது ஒவ்வொரு வருஷமாகப் பின்னால் போய்த் தேடுவாள். ஆயிரம் பேர் வந்து போன கடை. அவள் பேசியதெல்லாம் என்ன? ஓரம் விட்டிருக்கியா, ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கு, ஈரக் குடையை உள்ளே கொண்டு வராதே. இதில் எந்த வார்த்தை ஒருத்தியை ஊரில் நிறுத்தி வைத்திருக்கும்?

கொஞ்ச நாளில் இன்னொரு சிக்கல் வந்தது. வாயைத் திறக்கவே தயக்கமாகிவிட்டது. யாரிடம் எதைச் சொன்னாலும் அது எங்கே போய் முளைக்குமோ என்று இருந்தது. முன்பெல்லாம் வாய் பாட்டுக்குப் பேசும், கை பாட்டுக்கு வேலை செய்யும். இப்போது வாயைக் கவனித்ததில் கை தப்பு செய்தது. ஒரு புள்ளியியல் ஆய்வேட்டைத் தலைகீழாக அட்டை போட்டுவிட்டாள். முதலிலிருந்து பிரித்து மறுபடி கட்ட வேண்டி வந்தது.

சரி, தெரிந்தே ஒரு நல்ல வார்த்தை சொல்லிப் பார்ப்போம் என்றும் ஒருநாள் தோன்றியது. அன்று ஒரு மாணவி கண் சிவந்து கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பைண்டிங் அக்கா வேலையை நிறுத்தி, கையைத் துடைத்து, பக்கத்தில் போய் நின்று, "எல்லாம் சரியாயிடும்மா" என்றாள்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "எது சரியாயிடும்?"

"எல்லாந்தான்."

"எனக்குக் கண்ணு வலி, அக்கா. மூணு நாளா மருந்து போட்டுட்டு இருக்கேன்."

பக்கத்துக் கடைத் தையல்காரர் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினார். அது இருமல் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

மழை விட்டுக் காற்றுக் காலம் வந்தது. கத்தியின் துருவை எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அவளுக்கு வேறொன்று உறைத்தது. நினைவில்லாமல் சொன்ன ஒரு வார்த்தை ஒருத்தியைத் தூக்கி நிறுத்துமென்றால், நினைவில்லாமல் சொன்ன மற்ற வார்த்தைகள் என்ன செய்திருக்கும்?

உடனே ஒட்டகத்தின் முகம் வந்து நின்றது. நெட்டையாய், கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி நடக்கிற ஒரு மாணவன். அந்தப் பெயர் அவள் மனசுக்குள் வைத்தது. போன வருஷம் ஒரே அறிக்கையை நாலு தரம் கொண்டுவந்தான். ஒவ்வொரு தரமும் ஒரு பக்கம் விட்டுப் போயிருக்கும். ஒவ்வொரு தரமும் பிரித்துக் கட்ட வேண்டும். நாலாவது தரம் அவள் பொறுமை இழந்து, "உனக்கெல்லாம் யாரு இந்தப் படிப்பக் குடுத்தது?" என்று கேட்டுவிட்டாள். அவன் அறிக்கையை எடுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அவனைச் சந்திலேயே காணவில்லை.

அன்று மதியம் கடையைச் சாத்திவிட்டு விடுதி அலுவலகத்துக்குப் போய், நாலு தரம் அட்டையில் அடித்த அவன் பெயரைச் சொன்னாள். குமாஸ்தா பதிவேட்டில் விரலை ஓட்டினார்.

"நடு வருஷத்துலயே போயிட்டானே. நீங்க அவனுக்கு என்ன வேணும்?"

"பைண்டிங்."

"பைண்டிங்னா?"

"அவன் அறிக்கையக் கட்டினவ. ஏன் போனான்னு எழுதியிருக்கா?"

"சொந்தக் காரணம்னு இருக்கு. எல்லாரும் அதத்தான் எழுதுவாங்க." அவள் முகத்தைப் பார்த்த குமாஸ்தாவுக்கு என்ன தோன்றியதோ, ஒரு துண்டுத் தாளில் கைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தார்.

அந்தத் தாளை ஒன்பது நாள் மூக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கணவரும் மகளும் வெளியே போன நேரம் பார்த்துக் கூப்பிட்டாள்.

"தம்பி, நான் பைண்டிங் அக்கா பேசறேன்."

"எந்த அக்கா?"

"கிழக்கு வாசல் சந்து. நாலு தடவ பிரிச்சுப் பிரிச்சுக் கட்டினோமே."

"ஓ… பச்சை ஷட்டர் கடையா?"

"நீலம்."

"சரிங்க, சொல்லுங்க."

அவள் தொண்டையைச் செருமினாள். "அன்னிக்குக் கோவத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டேன்ப்பா. மனசுல வெச்சுக்காதே."

"என்ன வார்த்தை?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் அதே வசவை மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள், ஆனால் குரலைத் தாழ்த்தி.

"அப்படியா சொன்னீங்க? எனக்கு ஞாபகமே இல்லையே. அப்பாவுக்கு உடம்பு முடியாமப் போச்சு, அதான் வந்துட்டேன். இப்ப நான்தான் லாரி ஆபீஸப் பாத்துக்கறேன். நல்லாத்தான் இருக்கேன்."

அவளுக்கு மூச்சு வந்தது. "அப்பாடா. ஒட்டகத்துக்கு என்ன ஆச்சோ ஏது ஆச்சோன்னு நான் தெனம் நெனச்சுட்டே இருந்தேன்ப்பா."



"யாருக்கு?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"என்னையா ஒட்டகம்னு சொல்லுவீங்க?" குரல் மாறிவிட்டிருந்தது. "எல்லாருமா?"

"இல்லப்பா, நான் மட்டும்…" என்று தொடங்கும்போதே தொடர்பு விட்டுப்போயிற்று. அவன் வைத்தானா, சிக்னல் போயிற்றா என்று தெரியவில்லை. மறுபடி கூப்பிடக் கை வரவில்லை. பழைய காயத்துக்குக் கட்டுப் போடப் போய், காயமே இல்லாத இடத்தில் ஒன்றைக் கீறிவிட்டு வந்தது போல இருந்தது. கணவரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் சிரிப்பார், சிரிக்கிற விஷயம்தானா என்று அவளுக்கே தீர்மானமாகத் தெரியவில்லை.

காற்று அடங்கி, ஆய்வேட்டு அவசரம் தலைக்கு மேல் ஏறிய ஒரு மாதத்தில், கடை வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். முப்பது முப்பத்தொன்று இருக்கும். வெயிலில் நன்றாகக் கறுத்த முகம், குட்டையாக வெட்டிய முடி.

"அக்கா, என்னத் தெரியுதா?"

தெரியவில்லை. தெரிகிறது என்று சொல்லவும் மனம் வரவில்லை. "கப்பலா?" என்றாள் பைண்டிங் அக்கா.

வந்தவள் சிரித்துவிட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து கதையைச் சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முந்தைய மழைக் காலம். ஒரு வருஷம் கரையில் நின்று அளந்த மணல் கணக்கெல்லாம் தப்பு என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். வீட்டில் வந்துவிடு என்கிறார்கள். விலகல் கடிதத்தை எழுதிப் பைக்குள் வைத்துக்கொண்டு, மழைக்கு ஒதுங்க இந்தக் கடை வாசற்படியில் ஏறி நின்றாள். ஒட்டிய புத்தகங்களை அழுத்தி வைக்கிற அச்சுத் திருகுக்கு முன்னால் அக்கா நின்றிருந்தாள், நாலைந்து புத்தகங்கள் பலகைக்கு நடுவில் அழுந்திக் கிடந்தன.

"நான் உங்ககிட்டக் கேட்டேன்க்கா, விட்டுடலாமான்னு. எதை, என்னன்னு கூடச் சொல்லல. நீங்க திரும்பிப் பாத்துட்டு, 'இப்ப எடுத்தா பிரிஞ்சு போயிடும், இன்னும் கொஞ்ச நாள் அழுத்தத்துல கெடக்கட்டும்'னு சொன்னீங்க. அப்படியே நின்னுட்டேன். அன்னிக்கு ரூமுக்குப் போய்க் கடிதத்தக் கிழிச்சுப் போட்டேன்."

பைண்டிங் அக்காவின் கையில் இருந்த ஊசி நின்றது. இத்தனை மாதமாய்த் தேடிய வார்த்தை இதுதானா? இதை அவள் மழைக் காலத்தில் ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்வாள். பசை காயாத புத்தகத்தை அவசரமாகக் கேட்கிறவர்கள் எல்லோருக்கும் இதே பதில்தான். கேட்கக் கேட்க அந்த நாள்கூட மங்கலாக நினைவுக்கு வந்த மாதிரி இருந்தது. பக்கத்துக் கடைத் தையல்காரர் ஏதோ நோட்டைக் கட்டக் கொடுத்துவிட்டு, எடுத்துக்கவா எடுத்துக்கவா என்று நின்ற காட்சி.

சொல்லாமல் விட்டுவிடலாம். எதிரே இருப்பவள் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள். ஆனாலும் அரை வருஷமாய்த் தலைக்குள் குடைந்த வண்டை வெளியே விடாமல் அவளால் இருக்க முடியவில்லை.

"கண்ணு, ஒண்ணு சொன்னா வருத்தப்படாதே. அது உனக்குச் சொன்னது இல்ல. தையல்காரர் நோட்டுக் கேட்டு நின்னாரு, அவருக்குச் சொன்னது. பசை காயல."

வந்தவள் முகம் வாடவில்லை, சிரிக்கவும் இல்லை. புருவத்தைச் சுருக்கினாள்.

"இல்லக்கா. கடையில வேற யாருமே இல்ல. நானும் நீங்களும்தான்."

"அவரு வாசப்படியில நின்னாரும்மா."

"இல்லக்கா. வாசப்படியில நான்தான் நின்னேன். நீங்க என் கண்ணப் பாத்துச் சொன்னீங்க."

சண்டை போடுகிற விஷயமும் இல்லை, விட்டுக்கொடுக்கிற விஷயமும் இல்லை. கடைசியில் கப்பல்காரி எழுந்து, "வியாழக்கிழமை என் வாய்மொழித் தேர்வு. யார் வேணா வந்து உக்காரலாம். நீங்க வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனதும் பைண்டிங் அக்கா நேராகப் பக்கத்துக் கடைக்குப் போனாள். தையல்காரர் ஒரு கால்சட்டையின் இடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"மூணு வருஷம் முந்தி மழையில ஒரு நோட்டக் கட்டக் குடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

"நானா? நோட்டா?" பல்லில் கடித்திருந்த நூலை எடுத்துவிட்டு அவர் சொன்னார். "எல்லா அளவும் என் தலைக்குள்ள இருக்கும்மா. இந்தக் கடையில நோட்டுன்னு ஒண்ணு இருந்ததே இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்லாத நோட்ட எப்படி யோசிக்கறது?"

அவள் தன் கடைக்குத் திரும்பி வந்து, அச்சுத் திருகுக்கு முன்னால் நின்று, வாசலைப் பார்த்தாள். அங்கிருந்து வாசற்படியில் நிற்கிற ஆளின் முகம் தெரியும். ஆனால் வெளிச்சம் பின்னால் இருப்பதால் சட்டென்று யாரென்று தெரியாது. இரண்டு தரம் நின்று பார்த்தாள். ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

வியாழக்கிழமை நல்ல புடவை கட்டிக்கொண்டு துறைக்குப் போனாள். விரலிடுக்கில் பசை ஒட்டியிருந்தது, கையை முந்தானையில் மறைத்துக்கொண்டாள். கடைசி வரிசையில் இடம். திரையில் கரையின் படங்கள் வந்தன. அவள் சின்ன வயதிலிருந்து நடந்த அதே கரை. ஒரு பருவத்தில் அலை மணலை ஒரு பக்கமாக அள்ளிக்கொண்டு போகிறது, இன்னொரு பருவத்தில் மணல் திரும்பி வருகிறது என்பது மட்டும் விளங்கியது. மற்றதெல்லாம் வளைந்து வளைந்து போகும் கோடுகள்.

வெளியூரிலிருந்து வந்த வயதான தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "சுருக்கமாச் சொல்லுங்க. கரை குறையுதா, வளருதா?"

"ஒரு வருஷம் அளந்தா ஒரு பதில் வருதுங்க ஐயா. மூணு வருஷம் அளந்தா வேற பதில். இப்போதைக்கு நிச்சயமாச் சொல்ல முடியல" என்றாள் கப்பல்காரி.

பைண்டிங் அக்காவுக்குத் திக்கென்றது. போச்சு, இத்தனை வருஷப் படிப்பும் போச்சு என்று நினைத்தாள். தேர்வாளரோ தலையை ஆட்டினார், எழுந்தார், கைகொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். தெரியவில்லை என்று சொல்வதற்கும் பட்டம் உண்டா? பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் கேட்கலாமா என்று பார்த்தாள், அவர் மும்முரமாகக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

வெளியே தாழ்வாரத்தில் கப்பல்காரி அவளைக் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தேர்வாளர் முன் நிறுத்தினாள். "நன்றிப் பக்கத்துல எழுதியிருந்தேனே ஐயா, அந்த அக்கா."

"அப்படியா? என்னம்மா சொன்னீங்க அன்னிக்கு?"

கப்பல்காரி அவளைப் பார்த்தாள். அவள் கப்பல்காரியைப் பார்த்தாள்.

"பசை காயலன்னு சொன்னேங்க" என்றாள் பைண்டிங் அக்கா.

அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். கப்பல்காரியும் சிரித்தாள், ஆனால் அவள் கை பைண்டிங் அக்காவின் கையை விடவில்லை. மறுவாரம் அவள் மறுபடி கப்பலுக்குப் போய்விட்டாள்.

வெயில் வந்தது. விடுதிகள் காலியாயின. சந்தில் பூனைகள் நடுவீதியில் படுத்தன. அவளுடைய பேச்சு எப்போது பழையபடி திரும்பியது என்று அவளுக்கே தெரியாது. ஒருநாள் மகள்தான், "அம்மா, நீ மறுபடி பேசிப் பேசியே என்னைச் சட்னியா அரைக்க ஆரம்பிச்சுட்ட, அப்ப உடம்பு சரியாயிடுச்சு" என்றாள். உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று அவள் வாதாடினாள், அரை மணி நேரம்.

ஒரு சாயங்காலம் மூவரும் கரைக்குப் போனார்கள். திரையில் பார்த்த இடம் இதுதானா என்று அவள் தேடினாள். தேங்கிய தண்ணீரையும் அலைக் கோட்டையும் பார்த்துவிட்டு, "போன தடவைக்குக் கடல் உள்ள வந்துடுச்சு" என்றார் கணவர்.

"இல்லப்பா, வெளியதான் போயிருக்கு. அந்தக் கல்லு அப்ப தண்ணிக்குள்ள இருந்துச்சு" என்றாள் மகள்.

"எந்தக் கல்லு?"

"அது."

"அது கல்லா? படகு."

இரண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள், நீ சொல்லு என்பது போல. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். ஈர மணலில் காலை எட்டி வைத்து, ஒன்று, இரண்டு என்று தண்ணீரை நோக்கி எண்ணிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். பதினேழாவது அடியில் ஓர் அலை வந்து முழங்கால் வரை நனைத்தது. எண்ணிக்கை விட்டுப்போயிற்று.